அந்த வரி எந்தப் பதிப்பில் இருக்கிறது?

'கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே' என்ற வரியைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. மேடையில் வரும், சுவரொட்டியில் வரும், ஆய்வேட்டின் முன்னுரையிலும் தவறாமல் வரும். அந்த ஆய்வேடுகளில் அடிக்குறிப்பைப் பார்த்தால் ஒன்றில் 'சங்க இலக்கியம்' என்றிருக்கும், இன்னொன்றில் 'தொல்காப்பியம்' என்றிருக்கும், பலவற்றில் அடிக்குறிப்பே இருக்காது. உண்மையில் அது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில், குடிநிலை என்ற துறைக்கு வரும் வெண்பாவின் பகுதி. சங்கப் பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய நூல் அது.

நூலைத் திறந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியவரும். பாட்டில் 'காலத்தே வாளோடு முன்தோன்றி மூத்த குடி' என்றிருக்கிறது; மேடைக்கு வரும்போது அந்த வாள் கழன்றுவிட்டது. முந்தைய அடியில் 'வையகம் போர்த்த வயங்கொலிநீர் கையகல' என்று வருகிறது. உலகை மூடியிருந்த வெள்ளம் விலகி, மலை தலைகாட்டி, மண் இன்னும் வெளிப்படாத காலத்தைப் பாட்டு சொல்கிறது. முன்னடியை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்தவர்கள் கல் முந்தியதா, மண் முந்தியதா என்று மேடைதோறும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்தவர் மூலத்தைத் தேடிப் போயிருந்தால் இந்தக் குழப்பம் அவர் ஏட்டுக்குள் நுழைந்திருக்காது.

மேற்கோள் முறை என்றதும் பலருக்குக் காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, நூற்பெயர் சாய்வெழுத்திலா என்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. (சட்டமன்றத்தில் உட்காருபவர் அல்ல, நவீன மொழிச் சங்கத்தின் கையேடு), சிகாகோ என்று கையேடுகள் இருக்கின்றன. துறை எதைக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் பின்பற்றினால் போதும். அதில் பெரிய சூட்சுமம் இல்லை. தமிழ் ஆய்வில் சிக்கல் வருமிடம் வேறு. குறிப்பைப் பிடித்துக்கொண்டு போகும் வாசகர் அந்த வரியின் முன் போய் நிற்க வேண்டும், அதுவும் நீங்கள் பார்த்த அதே வடிவத்தின் முன். பழந்தமிழ் நூல்களில் இது நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் பதிப்புதான் காரணம்.

பழைய நூலுக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று நூலுக்குள் இருக்கும் முகவரி: புறம். 192: 1 என்றால் கணியன் பூங்குன்றனார் பாட்டின் முதலடி. சிலம்பு 20: 50 என்றால் வழக்குரை காதையில் 'தேரா மன்னா' தொடங்கும் அடி. தேவாரம் 1.1.1 என்றால் முதல் திருமுறை, முதல் பதிகம், முதல் பாட்டு, 'தோடுடைய செவியன்'. இந்த எண்கள் பெரும்பாலும் எந்த அச்சிலும் மாறா. மற்றது பதிப்பின் முகவரி: பதிப்பாசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு. இரண்டும் வேண்டும். உள்முகவரியை ஒவ்வொரு முறையும் பாட்டுக்குப் பக்கத்திலேயே அடைப்பில் கொடுத்துவிடலாம். பதிப்பை முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லி, 'இவ்வேட்டில் புறநானூற்றுப் பாடல்கள் அனைத்தும் இப்பதிப்பிலிருந்து' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

மிகவும் பயனற்றது 'புறநானூறு, ப. 344' என்ற குறிப்பு. எஸ். வையாபுரிப் பிள்ளை முன்னின்று சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் கொண்டுவந்த சங்க இலக்கியப் பதிப்பில் பாடல்கள் தொகை வரிசையில் இல்லை, புலவர் வரிசையில் இருக்கின்றன. அதில் பக்கம் பார்த்து எழுதிய குறிப்பை வேறு பதிப்பில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாட்டெண் இருந்தால் எந்தப் பதிப்பிலும் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். தேவாரத்திலும் இப்படித்தான்: பழைய பதிப்புகள் சில தலமுறையில் (கோயில் ஊர்களின் வரிசையில்) அடுக்கியவை, சில பண்முறையில் (இசைப் பண்களின் வரிசையில்) அடுக்கியவை.

எண்ணும் எல்லா இடத்திலும் நம்பக்கூடியதல்ல. நாம் புழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைத்த வரிசைப்படி வந்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறும். மணக்குடவரை மேற்கோள் காட்டுபவர் எண்ணோடு குறளின் முதற்சொற்களையும் கொடுப்பது நல்லது. தொல்காப்பியத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்து உரை எழுதியிருப்பார். அங்கிருந்து எண்ணெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார் எனப் பலர் உரை இருப்பதால் 'தொல். சொல்.' போட்டு வெறும் எண் எழுதினால் அது யாருடைய எண் என்று தெரியாது. 'தொல். சொல். சேனா.' என்று உரைகாரர் பெயரையும் சேர்க்கும் வழக்கம் இதனால் வந்ததுதான். கம்பராமாயணத்தில் பாடல் தொகையே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது. அங்கே காண்டம், படலம், அந்தப் பதிப்பின் பாட்டெண், முதற்சொற்கள் ஆகிய நான்கும் வேண்டும்.

உரையை மேற்கோள் காட்டும்போது நேரும் ஒரு தவறு புறநானூற்று ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. 279ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியாருடையது, 'கெடுக சிந்தை கடிதிவள் துணிவே' என்று தொடங்குவது. அதற்கு ஒரு விளக்கத்தைத் தந்துவிட்டுப் 'பழைய உரைகாரர் கூறுவர்' என்று எழுதியிருப்பார்கள். புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. 279க்கு அவர் எதுவும் எழுதிக் கிடைக்கவில்லை. ஆய்வாளர் பார்த்தது ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையாக இருக்கலாம், வேறொரு புத்துரையாக இருக்கலாம், இணையத்தில் யாரோ எழுதிய பொழிப்பாகவும் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டு விளக்கம் இடைக்காலச் சான்றாக வேடம் மாறிவிடுகிறது. அதன் மேல் ஒரு வாதத்தைக் கட்டினால் முழு அத்தியாயமும் ஆட்டம் காணும்.

வழிநிலை மேற்கோளைத் தவிர்க்க வேண்டும் என்பது பொது விதி. க. கைலாசபதி ஒரு நூலிலிருந்து ஒரு பத்தியை எடுத்துத் தந்திருந்தால், அந்த மூலநூலைத் தேடிப் படித்து அதையே காட்ட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் 'இன்னாருடைய இந்நூலில் காட்டப்பட்டது' என்று நேர்மையாக எழுத வேண்டும். படிக்காத நூலைப் படித்ததுபோல் துணைநூற்பட்டியலில் ஏற்றுவது எளிதில் பிடிபடும். இடைநூலில் இருந்த அச்சுப்பிழை உங்கள் ஏட்டிலும் அப்படியே வந்து நின்றால் தேர்வாளருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்த விதிக்குத் தமிழில் ஒரு பெரிய விலக்கு உண்டு. தகடூர் யாத்திரை முழுநூலாக நம்மிடம் இல்லை. புறத்திரட்டு என்ற பழம்பாடல் தொகுப்பிலும் உரைகளிலும் சிக்கிய பாடல்களாகத்தான் அது வாழ்கிறது. வளையாபதி, குண்டலகேசி நிலையும் ஏறத்தாழ இதுதான். இவற்றிலிருந்து ஒரு பாட்டைக் காட்டும்போது நூற்பெயரை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். எந்தத் தொகுப்பில் அல்லது எந்த உரையில், எந்த நூற்பாவின் கீழ் அது மேற்கோளாக வருகிறது, அதை அந்த நூலின் பாட்டு என்று சொன்னது உரைகாரரா, பின்னாளைய பதிப்பாசிரியரா என்பதையும் எழுத வேண்டும். பல உரைமேற்கோள்களில் உரைகாரர் நூலின் பெயரைச் சொல்வதே இல்லை.

ஆண்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளின் முகப்பில் 'ஜய வருடம்' என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சி என்பதால் ஜய 1834இலும் வந்தது, 1894இலும் வந்தது, 1954இலும் வந்தது. எந்தச் சுற்று என்பதைப் பதிப்பாசிரியரின் காலம், அச்சகம், முன்னுரை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது. தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் ஜய என்பது 1894 ஏப்ரல் நடுவிலிருந்து 1895 ஏப்ரல் நடுவரை. 'ஜய வருடம் தை மாதம்' என்றால் அது 1895. மாதம் தெரியவில்லை என்றால் 1894-95 என்று எழுதுவதே சரி. திருவள்ளுவர் ஆண்டு இவ்வளவு தொல்லை தராது. 31ஐக் கழித்தால் போதும், 2055 என்றால் 2024. நீங்களாகக் கணக்கிட்டுச் சேர்த்த ஆண்டைச் சதுர அடைப்பில் போட்டால், முகப்பில் இருந்தது எது, நீங்கள் போட்டது எது என்று வாசகருக்குப் புரியும்.

நம் பதிப்பகங்கள் 'பதிப்பு' என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகின்றன. பழைய தகட்டிலிருந்து அப்படியே அச்சடித்ததும் 'இரண்டாம் பதிப்பு', முழுக்கத் திருத்திப் புதிதாக எழுத்துக் கோத்ததும் 'இரண்டாம் பதிப்பு'. உள்பக்கத்தில் முதற்பதிப்பின் ஆண்டும் உங்கள் கையில் உள்ள படியின் ஆண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பக்க எண் எப்போதும் உங்கள் கையில் உள்ள படியினுடையது. ஆண்டை 1894 என்று முதற்பதிப்புக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தை அண்மைய மறுஅச்சிலிருந்து எடுப்பது மிகப் பரவலான கோளாறு; அந்தக் குறிப்பு எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தாது.

கல்வெட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் தொகுதியும் கல்வெட்டு எண்ணும்தான் முகவரி. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பட்டியலிடும் கல்வெட்டு, தொகுதி 2, எண் 66. அந்தத் தொகுதி பல பகுதிகளாக வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்தது. அதனால் பகுதியைச் சேர்ப்பதும், நீண்ட கல்வெட்டானால் வரி எண்ணைச் சேர்ப்பதும் நல்லது.

கல்வெட்டு ஆண்டறிக்கையில் வேறொரு பொறி காத்திருக்கிறது. '1908ஆம் ஆண்டின் 65ஆம் எண்' என்ற வகையில் வரும் குறிப்பில் இருக்கும் ஆண்டு, தொல்லியல் துறையினர் அதைப் படியெடுத்த ஆண்டு. கல்லில் வெட்டிய ஆண்டல்ல. இதைக் குழப்பிச் சோழர் கல்வெட்டைப் 'பொ.ஆ. 1908' என்று அட்டவணையில் ஏற்றிய ஏடுகளும் உண்டு. இரண்டாவது, ஆண்டறிக்கை தருவது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே. அந்தச் சுருக்கத்தை நீங்கள் தமிழாக்கி 'கல்வெட்டு கூறுகிறது' என்று மேற்கோள் குறிக்குள் போட்டால், கல்லில் இல்லாத சொற்களைக் கல்லின் வாயில் வைத்தவராகிவிடுவீர்கள். 'ஆண்டறிக்கையின் சுருக்கப்படி' என்று எழுத வேண்டும். முழுப் பாடம் வேண்டுமென்றால் அச்சில் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும், இல்லையென்றால் மைப்படியை (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியை) பார்க்க வேண்டும்.

கல்வெட்டுப் பாடத்தில் உள்ள சதுர அடைப்புகளை அழகுக்காக நீக்குபவர்கள் இருக்கிறார்கள். சிதைந்தும் ஐயத்துக்கு இடமாயும் உள்ள எழுத்துகளையும், பதிப்பாசிரியர் தாமே நிரப்பியவற்றையும் அந்தக் குறிகள்தான் காட்டுகின்றன. நீக்கினால் பதிப்பாசிரியரின் ஊகம் அரசனின் ஆணையாகிவிடும். செய்யுளிலும் இதே ஒழுக்கம் வேண்டும்: சீர் பிரித்த பாடத்தைச் சந்தி பிரித்துத் தந்தால் 'சந்தி பிரிப்பு என்னுடையது' என்று ஒரு வரி போட வேண்டும். சில இடங்களில் எங்கே பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பொருள் மாறும்.

இணையம் வந்தபின் வேலை எளிதாயிற்று; கூடவே புதுக் குழப்பமும் வந்தது. வருடிய அச்சுப்படியைப் பார்த்தீர்கள் என்றால் நீங்கள் பார்த்தது அந்த அச்சுநூல்தான், அதையே காட்டலாம். எங்கே கிடைத்தது என்பது கூடுதல் தகவல். கோப்பு காட்டும் பக்க எண்ணை எடுக்காதீர்கள். முகவுரைப் பக்கங்கள் சேர்ந்துவிடுவதால் திரையில் 47 என்று இருப்பது தாளில் 23ஆக இருக்கும். பழைய நூல்களில் அது ௨௩ என்றோ ௨௰௩ என்றோ அச்சாகியிருக்கும், இரண்டும் 23தான். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து மின்னூல் போலத் தட்டச்சிட்ட உரை என்றால் கதை வேறு. அங்கே நீங்கள் பார்ப்பது ஒரு புதுப்படி, தட்டச்சுப் பிழைக்கும் வாய்ப்புள்ள படி. மின்னூல் எண்ணையும், தலைப்பில் எந்த அச்சுப்பதிப்பை ஒட்டியது என்று குறித்திருந்தால் அதையும், பார்த்த நாளையும் எழுதுங்கள். தேடுவதற்கு மின்னுரை, காட்டுவதற்கு அச்சுப்படி என்று வைத்துக்கொண்டால் வம்பே இல்லை.

இனி, சொந்த நடையில் சொல்வது. இங்கேதான் நல்ல மாணவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'நெய்தல் பாடல்களில் உப்பு வணிகம் பொருளியல் செய்தியாக மட்டும் வரவில்லை, காதலைச் சொல்லும் உத்தியாகவும் வருகிறது.' ஏட்டில் இப்படி மாறுகிறது: 'நெய்தல் திணைப் பாக்களில் உப்பு விற்பனை வெறும் பொருளாதாரத் தகவலாக மட்டும் இடம்பெறவில்லை, காதலைக் கூறும் முறையாகவும் இடம்பெறுகிறது.' சொற்கள் மாறின, எலும்புக்கூடு மாறவில்லை. அடிக்குறிப்பு போட்டாலும் இது தேறாது. வாக்கியம் உங்களுடையது என்று வாசகர் நினைப்பார், ஆனால் அது உங்களுடையதல்ல. ஒன்று, அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லை, நூலை மூடி வைத்துவிட்டு, கருத்து யாருடையது என்று வாக்கியத்துக்குள்ளேயே பெயர் சொல்லி, அதை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்: உப்பு விற்கும் உமணர் மகளைப் பற்றிய அகம். 140ஐ எடுத்து, இந்தக் கருத்து அம்மூவனாரின் அந்தப் பாட்டில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று சோதியுங்கள். பத்தி முழுவதும் ஒருவர் கருத்தாக இருக்க, கடைசி முற்றுப்புள்ளிக்குப் பின் ஒரே ஒரு எண் போடுவதும் கைவிட வேண்டிய பழக்கம். அந்த எண் எந்த வாக்கியத்திலிருந்து பொறுப்பேற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையில், ஏட்டுக்கும் பிறர் எழுத்துக்கும் உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை போன்றவை கணக்கில் வரக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. சங்கப் பாடல்களை நிறைய எடுத்தாளும் ஏட்டில் ஒப்புமை எகிறினால் பதறாமல், மேற்கோள்களை விலக்கி மறுபடி ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். மாறாக, அறிக்கை சுழியம் காட்டினால் அதுவும் நற்சான்று அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எதோடும் ஒப்பிட முடியாமல் விட்டுவிடும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் துணைநூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஒன்று. உண்மையான ஆசிரியர் பெயர், நம்பும்படியான தலைப்பு, பொருத்தமான ஆண்டு எல்லாம் இருக்கும், நூல் மட்டும் இருக்காது. கையில் எடுத்துத் திறக்காத எந்த நூலும் பட்டியலில் ஏறக்கூடாது.

முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதைக் காட்டும் 'மேலது' என்ற குறிப்பைக் கடைசி வரைவில் மட்டும் போடுங்கள். எழுதும்போதே போட்டுவிட்டு, பிறகு நடுவில் ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால், 'மேலது' புதிதாக மேலே வந்து உட்கார்ந்த வேறொரு நூலைச் சுட்டும். அடிக்குறிப்பு எண் தானாக மாறும், இது மாறாது. வரைவு முழுவதும் ஆசிரியர், குறுந்தலைப்பு, பக்கம் என்றே எழுதிப் போங்கள். சிகாகோ கையேடும் 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து 'மேலது'வுக்குப் பதில் குறுவடிவத்தைத்தான் பரிந்துரைக்கிறது.

மேலைக் கையேடுகள் குடும்பப்பெயரை முன்னே கேட்கின்றன. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னால் இருப்பது ஊரும் தந்தை பெயரும். சாமிநாதையர், உ.வே.; சிவத்தம்பி, கா. என்று இயற்பெயரில் அடுக்கி, முன்னெழுத்தைப் பின்னால் போடுவதே நம் வழக்கம். துணைநூற்பட்டியலை அமைத்துத் தரும் சோட்டேரோ போன்ற மென்பொருளில் பெயருக்கு இரண்டு பெட்டி இருக்கும். அதை ஒற்றைப் பெட்டியாக மாற்றி, அச்சில் வர வேண்டிய வடிவத்திலேயே தட்டுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியரின் தந்தை ஆசிரியராகிவிடுவார்.

கடைசியாக அகரவரிசை. கணினி ஒருங்குறி எண்ணைப் பார்த்து அடுக்கினால் ழகரம் வகரத்துக்கு முன் வந்துவிடும். அழகர்சாமி அவினாசிலிங்கத்துக்கு முன்னால் போய் நிற்பார். நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள. வரிசைப்படுத்தும் முன் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். அப்படியும் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். ஜகந்நாதனைச் சகரத்துக்கு அடுத்து வைப்பதா, கிரந்த எழுத்துகளைக் கடைசியில் சேர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். இரண்டு வழக்கும் இருக்கிறது. ஒரே பட்டியலில் இரண்டையும் கலக்காதவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.